லார்ட்டியஸின் காதில் பெயர் சொன்னவன்

சோசிமஸுக்கு ரோமாபுரியில் பெயர் தெரியாத ஆள் கிடையாது. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. அதுதான் அவன் பிழைப்பு. எஜமான் செர்வியஸ் லார்ட்டியஸ் சதுக்கத்தில் இறங்கி நடந்தால், இவன் இடது தோளை ஒட்டிப் பின்னால் நடப்பான். எதிரே ஒரு தலை தெரிந்ததும் எஜமானின் காதோரம் குனிவான். "கூரை ஓடு வியாபாரி பாபியஸ். மூத்த மகளுக்குப் போன மாசம் கல்யாணம். மாப்பிள்ளையப் பத்திக் கேக்காதீங்க, ஆகாது." அடுத்த கணமே லார்ட்டியஸ் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு, "பாபியஸ்! என் பாபியஸ்! பொண்ணு எப்படி இருக்கா?" என்று கட்டிப் பிடிப்பார். ஓடு வியாபாரி உருகிப் போவான். பின்னால் நிற்பவன் சொல்லிக்கொடுத்துத்தான் முன்னால் நிற்பவர் கொஞ்சுகிறார் என்பது எங்கள் ஊரில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். தெரிந்தும் உருகுவோம், ஓட்டும் போடுவோம். எங்கள் புத்தி அப்படி.

சோசிமஸ் என்பது அவன் தாய் வைத்த பெயர்கூட இல்லை. டெலோஸ் தீவுச் சந்தையில் அவனை விற்றவன் வைத்தது. வாங்கி வந்தவர் லார்ட்டியஸின் தகப்பனார். ஒருமுறை பார்த்த முகத்தை மறக்காத பிள்ளை என்று தெரிந்ததும் சமையல்கட்டிலிருந்து சதுக்கத்துக்கு மாற்றினார்கள். அன்றிலிருந்து அவன் வாழ்க்கையே ஒரு மனிதரின் காதுக்குப் பக்கத்தில் கழிந்தது. அந்தக் காதில் எங்கே மச்சம், எந்தப் பக்கம் முடி நரைத்தது என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. லார்ட்டியஸ் அவனை "டேய்" என்பார். சந்தோஷமாக இருந்தால் "அடேய்".

அந்த லார்ட்டியஸ் ஒரு காலத்தில் செனட் சபையில் உட்கார்ந்திருந்தவர். ஒழுக்கத் தணிக்கை அதிகாரிகள் ஒரு நாள் சபைப் பட்டியலிலிருந்து அவர் பெயரை அடித்துவிட்டார்கள். குடி, கடன், கூத்துக்காரிகள், விலைபோன தீர்ப்பு என்று காரணத்துக்கா பஞ்சம்? சட்டையில் இருந்த, சபை உறுப்பினருக்கே உரிய அகலமான ஊதாப் பட்டையைத் தையல்காரி பிரித்தெடுத்தாள். பட்டை போன பிறகும் துணியில் அதன் தடம் போகவில்லை. மனிதர் ஒருநாள்கூட வீட்டில் அடங்கவில்லை, மறுநாள் காலையிலேயே சதுக்கத்துக்குக் கிளம்பிவிட்டார். சோசிமஸின் வேலைதான் மாறியது. முன்பெல்லாம் வருபவன் யார் என்று சொன்னான். இப்போது எவன் முகத்தைத் திருப்பிக்கொள்வான் என்று முன்கூட்டியே சொன்னான். "வலது பக்கம் திரும்பிக்குங்க எஜமானே, அவர் திரும்பறதுக்குள்ள நீங்க திரும்பிட்டா மரியாதை."

சபைக்குத் திரும்ப வேண்டுமானால் மறுபடி தேர்தலில் நிற்க வேண்டும். நின்றார், தோற்றார். மறுபடி நின்றார், படுதோல்வி. அதற்குப் பிறகுதான் ஒரு சதிக்கூட்டத்தோடு சேர்ந்தார். கூட்டத்தின் தலைவன் வடக்கே படை திரட்டப் போய்விட்டான். ஊருக்குள் இருந்தவர்கள் சாட்டர்ன் திருவிழா அன்று நாலு பக்கமும் தீ வைத்து, ஆட்சித் தலைவரான கான்சலைக் கொன்று, ஆட்சியைப் பிடிப்பதாகத் திட்டம். பறிபோன பட்டையைத் திருப்பித் தைத்துக்கொள்ள ஊரையே கொளுத்துவதா என்று கேட்டால், லார்ட்டியஸைப் போன்றவர்களுக்கு அந்தக் கேள்வியே புரியாது.

சோசிமஸுக்கு ஊரைப் பற்றிய கவலையைவிட ருஃபில்லாவைப் பற்றிய கவலை பெரிது. கோயில் படிக்கட்டோரம் சூடாகக் கொண்டைக்கடலை விற்பவள். தானும் அடிமையாக இருந்து விடுதலையானவள். எங்கள் சட்டத்தில் அடிமைக்குக் கல்யாணம் கிடையாது, சேர்ந்து வாழலாம், அவ்வளவுதான். அவளுக்கு அது போதாது.

"ஊர்ல திரியற அத்தனை பேருக்கும் பேர் சொல்ற. உனக்கு ஒரு பேராவது உருப்படியா இருக்காய்யா? மூணு பேரோட வா, கட்டிக்கறேன். ஒத்தப் பேரோட வந்தா கடலைய வாங்கிக்கிட்டு நடையக் கட்டு," என்றாள்.

குடிமகனுக்குத்தான் மூன்று பெயர். அடிமையை எஜமான் விடுவித்தால், எஜமானின் பெயர் இரண்டும் அவன் பெயருக்கு முன்னால் வந்து ஒட்டிக்கொள்ளும். சோசிமஸ் அதைக் கனவில்கூடச் சொல்லிப் பார்த்திருக்கிறான்: செர்வியஸ் லார்ட்டியஸ் சோசிமஸ். சத்தமாக அல்ல. அவனுக்குச் சத்தமாகப் பேசிப் பழக்கமே இல்லை.

விதி எப்படி விளையாடியது என்று பாருங்கள். கொட்டும் மழையில் ஒரு பிற்பகல், லார்ட்டியஸ் வீட்டில் விருந்து என்ற பெயரில் சதிக்கூட்டம். வருகிறவர்கள் முக்காட்டோடு வர வேண்டும், வேலைக்காரர்கள் முன்னால் எடுக்கக் கூடாது, யாரும் யாரையும் பெயர் சொல்லக் கூடாது என்று கட்டுப்பாடு. இதைச் சோசிமஸிடம் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. முதல் முக்காடு சொட்டச் சொட்ட உள்ளே நுழைந்தது. எஜமான் சாய்ந்திருந்த விருந்துக் கட்டிலுக்குப் பின்னால் நின்றவன் வழக்கம்போலக் குனிந்தான்.

"டைட்டஸ் அல்பிடியஸ். இடது முட்டியில வாதம். மழைன்னா அதிகமாகும், அடுப்புப் பக்கம் உக்கார வைங்க."

அடுத்த முக்காடு. "கால்வென்டியஸோட தம்பி. அண்ணன்கூடப் பேச்சுவார்த்தை இல்ல, அண்ணனப் பத்திக் கேக்காதீங்க." அதற்கடுத்த முக்காடு வாசலில் தும்மியது. "இந்தத் தும்மல் ஊர்ல ஒருத்தருக்குத்தான். ஹோஸ்டியஸ், உப்புக் குத்தகைக்காரர்."

சதுக்கத்துச் சந்தடியில் அவன் குரல் ஒரு காதுக்கு மட்டும்தான் போகும். அந்த வீட்டிலோ மழைச் சத்தத்தைத் தவிர வேறு சத்தமே இல்லை. முக்காடுகள் மூன்றும் அப்படியே நின்றன. சோசிமஸுக்கோ ஒரே பெருமை, முகத்தைப் பார்க்காமலே சொல்லிவிட்டோம் என்று. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்களே, அதேதான்.

அல்பிடியஸ் முக்காட்டை மெதுவாக இறக்கினான். "லார்ட்டியஸ், பேர் சொல்லக் கூடாதுன்னு பேசினோமா இல்லையா?"

"நான் எங்கய்யா சொன்னேன்? இவன் சொல்றான்."

"அதத்தான்யா கேக்கறேன்!"

சோசிமஸை வெளியே போகச் சொன்னார்கள். சமையல்கட்டு நடையில் போய் நின்றான். கேட்பதும் சொல்வதும் தொழிலாக இருப்பவனை ஒரு திரைக்கு அந்தப் பக்கம் நிறுத்தினால் போதும் என்று நினைத்தார்களே, இவர்களா ஆட்சியைப் பிடிப்பார்கள்!

"நாளைக்கே நம்ம மேல வழக்கு வந்தா என்ன ஆகும் தெரியுமா? அடிமையோட சாட்சிய சும்மா எடுக்க மாட்டான். மரச்சட்டத்துல கட்டி முறுக்கித்தான் எடுப்பான். முறுக்கினா இவன் நம்ம பேர மட்டுமில்ல, நம்ம பாட்டன் பேர் வரைக்கும் சொல்லுவான்." இது அல்பிடியஸ்.

"அப்ப அவன விட்டுடறேன். விடுதலை குடுத்துடறேன். குடிமகனைக் கட்டி வெச்சு முறுக்க எவனுக்கும் அதிகாரம் கிடையாது." இது லார்ட்டியஸ்.

"கழுத்த அறுத்தா இன்னும் சுருக்கமா முடியும்."

"அறுத்துட்டு? அடுத்த தேர்தல்ல நீ வந்து என் பின்னால நின்னு பேர் சொல்லுவியா?"

"ஊரக் கொளுத்தப் போறோம், இவர் தேர்தல்ல நிக்கப் போறாராம்! கேட்டீங்களாய்யா கூத்த?"

"கொளுத்தினா என்ன, அதுக்கப்புறம் தேர்தலே வராதா?"

கடைசியில் அல்பிடியஸ் சொன்னான். "நாளைக்கு மத்தியானம் வரைக்கும் பொறுக்கறேன். அதுக்குள்ள அவன் குடிமகனா ஆகணும். இல்லேன்னா என் ஆளு டாஸ்ஸோ அவனப் பிணமா ஆக்கிடுவான். ரெண்டுல எது ஆனாலும் எனக்குச் சம்மதம்."

திரைக்கு இந்தப் பக்கம் சோசிமஸ் எல்லாவற்றையும் கேட்டுவிட்டான். வந்தது பயமா சந்தோஷமா என்று அவனுக்கே பிரித்துப் பார்க்க முடியவில்லை. வாழ்நாளெல்லாம் ஏங்கிய விடுதலையும் கழுத்துக்குக் கத்தியும் ஒரே மூச்சில் வந்தால் மனிதன் என்னதான் செய்வான்? அடுப்படியில் இருந்த ஆலிவ் ஜாடியை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தின்றான். ஜாடி காலியானதுகூட அவனுக்குத் தெரியவில்லை.

விடிந்தால் ஊரே தலைகீழ். வடக்குப் பாலத்தில் சதிகாரர்களின் ஆட்களைக் கான்சலின் வீரர்கள் மடக்கிப் பிடித்துவிட்டார்களாம். ஒற்றுமைத் தேவியின் கோயிலில் செனட் கூடுகிறதாம். லார்ட்டியஸ் டோகா என்கிற நீள மேலாடையைச் சுற்றுகிறார், அவிழ்கிறது, மறுபடி சுற்றுகிறார், கால் தடுக்குகிறது. அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை போகாதல்லவா?

"டேய், நீதிபதி! ஒரு நீதிபதியப் பிடிக்கணும்டா! எவனாவது ஒருத்தன்!"

"எல்லாரும் செனட்ல இருப்பாங்க எஜமானே. ஒருத்தரத் தவிர. மானியஸ் ஃபோஸ்லியஸ். ஊரே இடிஞ்சாலும் குளிக்காம இருக்க மாட்டார். இந்நேரம் மாட்டுச் சந்தைத் தெருவுல குளியல் கூடத்துக்குப் போய்க்கிட்டு இருப்பார்."

எங்கள் சட்டத்தில் ஒரு வசதி. அடிமையை விடுவிக்க நீதிபதி நாற்காலியில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. நடுத்தெருவில் போய்க்கொண்டிருந்தாலும் நிறுத்திக் காரியத்தை முடிக்கலாம். இருவரும் ஓடினார்கள். பட்டை இழந்த பெரிய மனிதர் சேற்றில் டோகாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால், அடிமை பின்னால். மீன் கூடைகள் உருண்டன. "கண்ணு தெரியலையா கிழவா?" என்று ஒருத்தி கத்தினாள். சோசிமஸ் திரும்பிப் பார்த்தான். ரொட்டிக் கடை மூலையில் ஒரு தடித்த கழுத்து.

"எஜமானே, பின்னால ஒருத்தன் வர்றான். டாஸ்ஸோ. ஆட்டுக்கறி வெட்டறவன். மூணாவது பொண்டாட்டி ஓடிப்போயிட்டா."

"இப்ப எனக்கு எதுக்குடா அவன் பொண்டாட்டி!"

"வாய்ல வந்துடுச்சு எஜமானே, பழக்கதோஷம்!"

சந்தைத் தெருவில் தலைகள் தலைகளாகத் தெரிந்தன. லார்ட்டியஸுக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் இருந்தது. "எவன்டா? எவன் ஃபோஸ்லியஸ்?" தன்னை விடுவிக்க வேண்டிய நீதிபதியைத் தானே அடையாளம் காட்ட வேண்டிய நிலை சோசிமஸுக்கு. குளியல் கூடத்துப் படியில் ஒரு கால் வைத்திருந்த குட்டை மனிதரை அவன் கை காட்டினான். முன்னால் கோல்காரன், பின்னால் எண்ணெய்க் குப்பியும் துண்டும் சுமந்த வேலைக்காரன்.

"ஃபோஸ்லியஸ்! என் ஃபோஸ்லியஸ்!" என்று லார்ட்டியஸ் பாய்ந்தார்.

"அட, நீயா? தண்ணி ஆறிடும்யா, சீக்கிரம் சொல்லு," என்றார் நீதிபதி.

விஷயத்தைக் கேட்டுச் சலித்துக்கொண்டார். ஆனாலும் படியிலேயே நின்றார். கோல்காரன் தன் கோலால் சோசிமஸின் தலையைத் தொட்டு, "இவன் சுதந்திர மனிதன் என்கிறேன்," என்று சட்டம் சொல்லும் வாசகத்தைச் சொன்னான். தூரத்தில் டாஸ்ஸோ நின்றுவிட்டான், வேடிக்கை பார்க்க நாலு பேர் கூடிவிட்டார்கள்.

"பேர் என்ன?" என்றார் நீதிபதி.

லார்ட்டியஸ் வாயைத் திறந்தார், மூடினார். பிறகு, அத்தனை வருஷப் பழக்கத்தில், தலையை இலேசாகப் பின்னால் சாய்த்துக் காதைக் கொடுத்தார்.

சோசிமஸுக்கு ஒரு கணம் விளங்கவில்லை. எதிரே யார் வருகிறார்கள் என்று பார்த்தான். யாரும் வரவில்லை. கேட்பது தன் பெயரைத்தான் என்று அப்புறம்தான் புரிந்தது. மச்சம் இருந்த அந்தக் காதருகே குனிந்து, "சோசிமஸ்," என்றான்.

"சோசிமஸ்!" லார்ட்டியஸ் இரண்டு கைகளையும் விரித்தார். "என் சோசிமஸ்! இந்த மனிதன் சுதந்திரமாக இருக்க வேண்டும் என்பது என் விருப்பம்!"

ஓடு வியாபாரிக்குக் காட்டிய அதே முகம், அதே பாசம். அந்த வித்தையின் உள்ளும் புறமும் சோசிமஸைவிட யாருக்குத் தெரியும்? தெரிந்தும் பாவி உருகிப்போனான். கண்ணில் தண்ணீர் முட்டியது. லார்ட்டியஸ் அவன் தோளைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, கன்னத்தில் ஓர் அறை வைத்தார். அடிமைக்கு விழும் கடைசி அறை அது, சடங்கு. ஃபோஸ்லியஸ், "ஆச்சு, சுதந்திரம்," என்று சொல்லிக்கொண்டே உள்ளே நுழைந்தார், கோல்காரனும் பின்னாலேயே போய்விட்டான். டாஸ்ஸோ தோளைக் குலுக்கிவிட்டுத் தன் வழியே நடந்தான்.

சோசிமஸுக்குச் சிரிப்புச் சிரிப்பாக வந்தது. நாலு பெண்களுக்கு வணக்கம் சொன்னான். ஒரு கழுதைக்கும் சொன்னான். விடுதலையானவர்கள் போடும் குல்லா ஒன்றை வாங்கித் தலையில் மாட்டிக்கொண்டு ருஃபில்லா முன்னால் போய் நிற்க வேண்டும் என்று கால்கள் பறந்தன. குல்லாக் கடைவரைகூடப் போகவில்லை. கான்சலின் ஆட்கள் தெருவின் இரண்டு பக்கமும் வந்து லார்ட்டியஸை வளைத்துக்கொண்டார்கள்.

அவர் ஓடவில்லை, மறுக்கவில்லை. தன் நிலைக்குத் தகுந்த ஒரு மேலதிகாரியை அனுப்பாததுதான் அவருக்கு வருத்தம். இழுத்துப் போகும்போது திரும்பிப் பார்த்து, "அடேய்... இவனே... என்னவோ சொன்னியே, அந்தப் பேரு..." என்றார். மறந்துவிட்டது. தெரு முனை திரும்பும்வரை யோசித்துக்கொண்டே போனார். சோசிமஸுக்கு அப்போதுதான் கன்னத்தில் விழுந்த அறை வலித்தது.

அவனையும் விடவில்லை. லார்ட்டியஸ் வீட்டில் பெயர் சொல்லும் அடிமையை ஊருக்கே தெரியும். கோயில் படிக்கட்டுக்கு இழுத்து வந்தார்கள். சதுக்கம் முழுக்க ஜனம். திருவிழா அன்று எரியவிருந்தது தங்கள் மாடிக் குடியிருப்புகள்தான், மேல்மாடியில் படுத்திருப்பவன் இறங்கக்கூட வழி இருந்திருக்காது என்று தெரிந்துவிட்ட ஜனம். கொதித்துக்கொண்டிருந்தது. சற்று முன்புதான் லார்ட்டியஸ் என்ற பெயர் வைத்திருந்த பாவத்துக்காக, இதில் எந்தச் சம்பந்தமும் இல்லாத ஒரு ரொட்டிக்காரனை அடித்துத் துவைத்திருந்தார்கள். அவன் கடைப்பலகை இன்னும் சேற்றில் கிடந்தது.

படியின் ஒரு பக்கம் விசாரணை அதிகாரி, பக்கத்தில் எழுத்தர். இன்னொரு பக்கம் மரச்சட்டம், கயிறு, கயிற்றை முறுக்குபவன். அவன் ஏற்கெனவே கைக்குத் துணி சுற்றிக்கொண்டிருந்தான்.

முக்காட்டு ஆட்களின் பெயர்களைச் சோசிமஸ் சொன்னானா என்று கேட்பீர்கள். சொன்னான். கழுத்தை அறுக்கலாம் என்றவனின் பெயரை அவன் தகப்பன் பெயரோடும் முட்டி வாதத்தோடும் சேர்த்தே சொன்னான். தன்னை விடுவித்த லார்ட்டியஸ்மேல் மட்டும் சாட்சி சொல்ல மாட்டேன் என்றான், விடுதலையானவனுக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் அதெல்லாம் பிறகு. முதல் கேள்வி அதுவல்ல.

"உன் பேர் என்ன?" என்றார் எழுத்தர்.

சோசிமஸ் மரச்சட்டத்தைப் பார்த்தான். ஒற்றைப் பெயரைச் சொன்னால் அவன் அடிமை, நேரே அந்த மரச்சட்டத்துக்குத்தான் போவான். மூன்று பெயரையும் சொன்னால்? கூட்டத்தைப் பார்த்தான். ஒவ்வொரு முகத்துக்கும் அவனுக்குப் பெயர் தெரியும். அவர்கள் கைகளில் இருந்த கற்களும் உடைந்த கூரை ஓட்டுச் சில்லுகளும் தெரிந்தன. தலையில் குல்லா இல்லை. சாட்சி சொல்ல வேண்டிய ஃபோஸ்லியஸ் ஆவியில் வெந்துகொண்டிருக்கிறார், ஆள் அனுப்பித்தான் கூப்பிட வேண்டும். அதற்கு முதலில் இவன் வாயைத் திறக்க வேண்டும்.

கூட்டத்துக்கு நடுவே ருஃபில்லா கடலைச் சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். அவள் முகம் வெளுத்திருந்தது. என்ன நடந்தது என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

"செர்வியஸ்..." என்றான். காதோரம் சொல்கிற அதே குரல்.

"கேக்கலய்யா. சத்தமாச் சொல்லு."

சோசிமஸ் மூச்சை இழுத்தான். "செர்வியஸ் லார்ட்டியஸ் சோசிமஸ்!" என்று கத்தினான். தன் குரல் அவ்வளவு பெரியது என்பது அவனுக்கே அப்போதுதான் தெரிந்தது. எதிர்ச் சுவரில் மோதித் திரும்பி வந்தது. கூட்டம் ஊளையிட்டது. முதல் கல் தோளில் பட்டது. இரண்டாவது புருவத்தைக் கிழித்தது, கண்ணுக்குள் ரத்தம் இறங்கியது. எறிந்தவனின் பெயரும் அவனுக்குத் தெரியும். எழுத்தர் தலையைக் குனிந்துகொண்டு மூன்று பெயரையும் எழுதினார். ருஃபில்லா சட்டியைக் கீழே போட்டுவிட்டு, அகப்பட்டவனை எல்லாம் முழங்கையால் இடித்துத் தள்ளிக்கொண்டு படியை நோக்கி வந்தாள்.

சோசிமஸ் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை கத்தினான். இந்தத் தடவை யாரும் கேட்கவில்லை, அவனாகவே சொன்னான்.